விடுதியில் இடம் இல்லை என்ற பிறகு

(சுருவிலில் நடைபெற்ற ஒளிவிழாவில், பழைய மாணவிகள் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



சங்கத்தின் நூற்றாண்டு வேளையில் வரும் ஒளிவிழா இது. சங்கத்தின் சார்பில் சில வார்த்தைகள் பேச வேண்டும் என்று கேட்டபோது, எதைப் பேசலாம் என்று நாங்கள் கூடி யோசித்தோம். பாடசாலையின் வரலாற்றையும் அதிபர்மாரின் பணிகளையும் நூற்றாண்டு மலரில் மற்றவர்கள் எழுதுகிறார்கள். ஆகவே நாங்கள் ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறோம். கஷ்டமான காலங்களில் இந்தத் தீவகத்துப் பெண்களுக்கு நத்தார் என்ன ஆறுதலைத் தந்தது? மற்ற நாட்களில் கிடைக்காத எதை அந்த ஒரு நாள் கொண்டுவந்தது?

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் சங்கத்தில் கத்தோலிக்கப் பிள்ளைகளும் உண்டு, சைவப் பிள்ளைகளும் உண்டு. வாணிவிழாவுக்குக் கோலம் போட்ட கைகளும் பாலன் குடிலுக்குப் பனையோலை வெட்டிய கைகளும் ஒரே கைகள்தான். கடற்கரையில் சிப்பி பொறுக்கிக் குடிலின் வாசலில் பதித்தவர்களில் யார் எந்தச் சமயம் என்று நாங்கள் எண்ணியதில்லை. ஆகவே இங்கே பேசப்போவது எல்லோருக்கும் உரிய ஒரு கதையைப் பற்றி. வீடில்லாமல் ஒரு பெண் பிள்ளை பெற்ற கதை அது.

ஒளிவிழா நாடகத்தில் நடித்த எல்லோருக்கும் அந்த விடுதிக்காரனை நினைவிருக்கும். மரியாளாக நடிக்க வகுப்பில் போட்டி நடக்கும். சம்மனசாக வருவதற்கு வெள்ளைச் சட்டை உள்ளவர்கள் முந்திக்கொள்வார்கள். விடுதிக்காரனாக நிற்க மட்டும் ஒருவரும் முன்வரமாட்டார்கள். கடைசியில் குரல் பெலத்த ஒரு பிள்ளையைப் பிடித்து, தகப்பனின் சாரத்தைக் கட்டி, கரியால் மீசை கீறி நிறுத்துவோம். அவருக்கு ஒரே ஒரு வசனம். இங்கே இடமில்லை, போங்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்த வேண்டும். பாவம், அந்த வருடம் முழுக்க அவரை எல்லோரும் விடுதிக்காரன் என்றே கூப்பிடுவார்கள்.

இப்போது வேதாகமத்தை எடுத்து லூக்காவின் 2ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். அங்கே விடுதிக்காரன் என்று ஒருவன் இல்லை. கதவு சாத்தப்பட்டதாகவும் இல்லை. லூக்கா சொல்வது மிகச் சுருக்கம். விடுதியில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. மரியாள் பிள்ளையைத் துணியில் சுற்றித் தீவனத் தொட்டியில் கிடத்தினாள். அவ்வளவுதான். மாட்டுத் தொழுவம் என்ற சொல்லைக்கூட லூக்கா எழுதவில்லை. தொட்டி இருந்ததால் தொழுவமும் இருந்திருக்கும் என்று பின்வந்தவர்கள் எண்ணிக்கொண்டார்கள். விடுதி என்று நாங்கள் வாசிக்கும் கிரேக்கச் சொல், வீட்டில் விருந்தினருக்கென ஒதுக்கிய அறையையும் குறிக்கும். யேசு தம் சீடர்களோடு கடைசி இராவுணவு உண்ட அறைக்கும் லூக்கா அதே சொல்லைத்தான் எழுதுகிறார். விருந்தினர் அறை நிறைந்துவிட்ட ஒரு வீட்டில், கால்நடை கட்டும் பக்கத்தை ஒதுக்கி அந்தப் பிள்ளைத்தாச்சிக்கு யாரோ இடம் கொடுத்திருக்கலாம் என்று சொல்லும் வேதாகம அறிஞர்களும் இருக்கிறார்கள்.

அப்படியானால் இந்தக் கதையில் இடமில்லை என்றவனின் பெயரும் இல்லை, இடம் கொடுத்தவரின் பெயரும் இல்லை. ஆனால் இடம் கிடைத்திருக்கிறது. இல்லாவிட்டால் அந்தத் தொட்டி எங்கிருந்து வந்தது? யாரோ ஒருவர் தன் மாட்டை விலக்கிக் கட்டியிருக்க வேண்டும். அந்த ஒருவரை எங்கள் பெண்களுக்கு நன்றாகத் தெரியும் என்பதைத்தான் நாங்கள் இன்று சொல்ல விரும்புகிறோம்.

1990 ஓகஸ்டில் தீவகத்தில் இராணுவ நடவடிக்கை தொடங்கியது. அந்த வருடத்திலும் அடுத்த வருடத்திலும் எங்கள் ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெறுமையாயின. சுருவில், நாரந்தனை, கரம்பொன், வேலணை, புங்குடுதீவு என்று சனம் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணப் பக்கம் போனது. கோழியைத் திறந்துவிட்டு, மாட்டை அவிழ்த்துவிட்டு, கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு புறப்பட்டவர்கள் நாங்கள். இரண்டு கிழமையில் வந்துவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அந்தத் திறப்பை இன்றும் கனடாவில் ஓர் அலுமாரிக்குள் வைத்திருப்பவர்கள் எங்களில் உண்டு.

அங்கே போய்ச் சேர்ந்தபோது யார் எங்களுக்கு இடம் தந்தார்கள்? சொந்தக்காரர் தந்தார்கள். அறியாதவர்களும் தந்தார்கள். கோயில் மடம், பாடசாலை வகுப்பறை, வீட்டு விறாந்தை, குசினியோடு சேர்ந்த பத்தி, சில இடங்களில் உண்மையாகவே மாட்டுக் கொட்டில். சாணியை அள்ளிக் கழுவி, மண் போட்டு மெழுகி, கிடுகால் ஒரு மறைப்புக் கட்டித் தந்தார்கள். அந்த மறைப்புக்குப் பின்னால் பிள்ளை பெற்ற பெண்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் பெத்லகேமை யாரும் விளக்கத் தேவையில்லை.

அடுத்தது பதிவு. அகுஸ்து சீசர் கணக்கெடுக்கச் சொன்னார், அதனால் சூசையப்பர் நிறைமாத மனைவியோடு பெத்லகேமுக்குப் போனார் என்று நற்செய்தி தொடங்குகிறது. சிறுமிகளாக இருந்தபோது இந்த வரியை நாங்கள் கவனித்ததில்லை. பெரியவர்களான பிறகு பதிவு என்றால் என்ன என்பது எங்களுக்குப் புரிந்தது. விதானையாரிடம் பதிவு, நிவாரணத்துக்குப் பதிவு, பயணத்துக்குப் பாஸ், கொழும்புக்குப் போனால் பொலிஸ் பதிவு. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த 300 இற்கும் மேற்பட்ட தமிழர்கள் விடியப்புறம் எழுப்பப்பட்டு, பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டார்கள். வைத்தியத்துக்கு வந்தவர்களும் வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து உத்தரவிட்டது. ஆனாலும் விடுதியில் இடமில்லை என்ற வரியை அந்த பஸ்களில் இருந்தவர்கள் வேறு விதமாகத்தானே வாசித்திருப்பார்கள்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்தது. நாவற்குழிப் பாலத்தாலும் கோப்பாய் வழியாலும் இலட்சக்கணக்கான சனம் மழையில் நனைந்தபடி தென்மராட்சிக்குப் போனது. தீவகத்தை விட்டு வந்திருந்த எங்களுக்கு அது இரண்டாவது இடப்பெயர்வு. அந்த வருட நத்தார் சாவகச்சேரியிலும் கொடிகாமத்திலும் மிருசுவிலிலும் அடுத்தவர் வளவுகளில் வந்தது. சிலருக்கு வன்னியில் மரத்தின் கீழ் வந்தது. ஒரு வீட்டில் பல குடும்பங்கள். கிணற்றடிக்கு வரிசை, மலசலகூடத்துக்கு வரிசை. அந்த நெருக்கடியிலும் வீட்டுக்காரம்மா வந்து, பிள்ளையள், உங்கட பாலன் பண்டிகையெல்லோ, குடில் கட்டேல்லையோ என்று கேட்டிருக்கிறார். திருநீறு பூசிய நெற்றியோடு நின்று அவர் கேட்ட அந்தக் கேள்விதான் அந்த வருடத்து நத்தார் செய்தி. அதற்கு மேல் ஒரு பிரசங்கம் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

பொருளாதாரத் தடை இருந்த வருடங்களில் மின்சாரம் இல்லை, மெழுகுதிரி இல்லை, பற்றரி இல்லை. மண்ணெண்ணெய் யானை விலை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, பஞ்சு நனையும் அளவுக்கு எண்ணெய், அதில் ஒரு நூல்திரி. அந்த விளக்கில் படித்துத்தான் இங்கே இருக்கும் பலர் ஓ.எல். சோதனை எடுத்தோம். அதே விளக்கைத்தான் நத்தார் இரவில் குடிலுக்குள் வைத்தோம். அந்த வெளிச்சத்தில் பாலனின் முகம் தெரிய வேண்டுமென்றால் முழங்காலில் இருந்து நன்றாகக் குனிய வேண்டும். ஊரடங்கு இருந்த காலங்களில் நள்ளிரவுத் திருப்பலியும் பொழுதுபட முந்தியே முடிந்துவிடும். இடையர்களுக்குச் செய்தி வந்தது இருட்டில்தான் என்று பெரியவர்கள் சொல்லித் தேற்றினார்கள். இரவில் கிடைக்குக் காவல் இருந்தவர்கள் அந்த இடையர்கள். எங்கள் ஊரில் இரவில் இறாலுக்குப் போகும் ஆட்களைப் போல, மற்றவர்கள் உறங்கும்போது விழித்திருந்து உழைத்தவர்கள். முதலில் செய்தி கேட்டவர்கள் அவர்கள் என்பது எங்களுக்கு எப்போதும் பிடித்த பகுதி.

மத்தேயு எழுதிய பகுதி இன்னும் கடுமையானது. ஞானிகள் போன பிறகு கனவில் எச்சரிக்கை வருகிறது. இரவோடு இரவாகப் பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு சூசையப்பர் எகிப்துக்குப் புறப்படுகிறார். கிளாலிக் கடனீரேரியை இரவில் வள்ளத்தில் கடந்தவர்களுக்கு இதைக் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கலாம். பிள்ளை அழக்கூடாது, விளக்குக் கொளுத்தக்கூடாது, முன்னால் போகும் வள்ளத்தின் சத்தம்தான் வழி. எகிப்தில் அவர்கள் எங்கே தங்கினார்கள், யார் சோறு கொடுத்தார்கள் என்று மத்தேயு சொல்லவில்லை. அங்கேயும் யாரோ இடம் கொடுத்திருக்க வேண்டும்.

ஏரோது இறந்த பிறகும் அவர்கள் பெத்லகேமுக்குத் திரும்பிப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். அவன் மகன் அர்க்கெலாவு ஆள்கிறான் என்று கேட்டு, பயந்து, வடக்கே நாசரேத்துக்குப் போய்க் குடியிருந்தார்கள். உலகம் அந்தப் பிள்ளையை நாசரேத்தூர் யேசு என்றே அழைத்தது. பிறந்த ஊரின் பெயரை விட்டு, பிழைக்கப் போன ஊரின் பெயரால் அறியப்பட்டவர் அவர். ரொறன்ரோவிலும் லண்டனிலும் பரிசிலும் ஒஸ்லோவிலும் மெல்பேர்ணிலும் இதை வாசிக்கும் எங்கள் அக்காமாரே, ஊரை விட்டுப் போய்விட்டோமே என்ற குற்ற உணர்வோடு நீங்கள் சில வேளை கடிதம் எழுதுகிறீர்கள். அந்தத் திருக்குடும்பமும் திரும்பி வராத குடும்பம்தான். அதற்காக அவர்களை ஒருவரும் குறை சொல்லவில்லை.

இனி, சொல்ல மிகவும் கஷ்டமான பகுதிக்கு வருகிறோம். இந்தக் கதையில் எல்லாப் பிள்ளைகளும் தப்பவில்லை. பெத்லகேமின் மற்ற ஆண் குழந்தைகளை ஏரோதின் ஆட்கள் கொன்றார்கள். ஒளிவிழா நாடகங்களில் அந்தக் காட்சியை நாங்கள் போடுவதில்லை. ஆனால் மத்தேயு அதை எழுதி வைத்தார். தன் பிள்ளைகளுக்காக அழுகிற ராகேலை எரேமியாவின் நூலிலிருந்து அங்கே கொண்டுவந்து நிறுத்துகிறார். அவள் ஆறுதல் வேண்டாம் என்று மறுக்கிறாள். மத்தேயு அவளைக் கண்டிக்கவில்லை. போதும், அழுகையை நிறுத்து என்று அவளிடம் சொல்லவில்லை. ஒரு சம்மனசைக்கூட அவளிடம் அனுப்பவில்லை. அவள் அழுகைக்கு நற்செய்தியில் ஓர் இடம் கொடுத்தார். அவ்வளவுதான் செய்தார்.

எங்கள் தீவகத்தில் ராகேல்மார் இருக்கிறார்கள். 1990 இல் மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் கொண்டுபோகப்பட்ட இளைஞர்கள் வீடு திரும்பவில்லை. 2006 ஓகஸ்ட் 13ஆம் திகதி அல்லைப்பிட்டி புனித பிலிப்புநேரி ஆலயத்தின்மேல் எறிகணைகள் விழுந்தன. அங்கே தஞ்சம் புகுந்திருந்தவர்கள் பலர் கொல்லப்பட்டார்கள். உயிர் தப்பிய சனத்தை ஊர்காவற்றுறைக்குக் கூட்டிவந்து காப்பாற்ற ஓடித்திரிந்தவர் பங்குத்தந்தை திருச்செல்வம் நிகால் ஜிம் பிறவுண் அடிகளார். ஒரு கிழமை கழித்து, ஓகஸ்ட் 20ஆம் திகதி, அவரும் அவரோடு போன ஒருவரும் காணாமற் போனார்கள். தன் சனத்துக்கு இடம் தேடிக் கொடுத்தவருக்கு என்ன நடந்தது என்று இன்றுவரை பதில் இல்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரத்தில் படத்தோடு குந்திய தாய்மார் பல வருடங்களாக அங்கேயே இருக்கிறார்கள்.

2004ஆம் ஆண்டையும் மறக்க முடியாது. நத்தாருக்கு மறுநாள், டிசெம்பர் 26 காலை, கடல் எழுந்து வந்தது. இலங்கையில் மட்டும் 30,000 இற்கும் மேற்பட்டோர் போனார்கள். முல்லைத்தீவிலும் வடமராட்சி கிழக்கிலும் குடில் கட்டிய வீடுகள் குடிலோடு போயின. அந்தக் கரைகளில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்க்கு டிசெம்பர் மாதம் பிறந்தாலே நெஞ்சு பதறும்.

இந்தத் தாய்மாரிடம் போய், பாலன் பிறந்துவிட்டார், மகிழ்ச்சியாக இருங்கள் என்று எங்களால் சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது. அப்படிச் சொன்னால் அவர்கள் வாயை மூடச் சொல்வதாகத்தான் கேட்கும். ஆனால் மத்தேயு செய்ததை நாங்களும் செய்யலாம். எங்கள் பண்டிகைக்குள் அவர்கள் அழுகைக்கு ஓர் இடம் கொடுக்கலாம். சில வீடுகளில் நத்தார் பலகாரம் சுடுவதற்கு முதல், பிள்ளையைத் தொலைத்த அயல்வீட்டு அம்மாவிடம் போய்ச் சும்மா இருந்துவிட்டு வருவார்கள். பேச்சு அதிகம் இராது. ஒரு தேத்தண்ணி, கொஞ்ச நேரம், பிறகு எழும்பி வருவது. படத்தைத் துடைத்து வைத்திருக்கிறாரா, மருந்து குடிக்கிறாரா என்று பார்த்து வருவது. பெரிய காரியம் என்று யாரும் இதை எழுதுவதில்லை. நூற்றாண்டு மலரில் ஒரு வரியாவது இருக்கட்டும் என்று நாங்கள் இங்கே சொல்கிறோம்.

உலகத்திலும் பாருங்கள். 2023ஆம் ஆண்டு, காஸாவில் போர் நடந்துகொண்டிருந்தபோது, பெத்லகேமிலேயே நத்தார் கொண்டாட்டங்களை நிறுத்திவிட்டார்கள். அங்குள்ள லூத்தரன் ஆலயம் ஒன்றில் குடில் கட்டாமல், உடைந்த கற்களைக் குவித்து அதற்குள் பாலனை வைத்தார்கள். முருகைக்கல் சுவர் இடிந்து கிடந்த எங்கள் வீடுகளைக் கண்டவர்களுக்கு அந்தப் படம் புதிதாகத் தெரியவில்லை. மெக்சிக்கோவில் வேறொரு வழக்கம் உண்டு. டிசெம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது இரவுகள், மரியாளாகவும் சூசையப்பராகவும் வேடமிட்ட பிள்ளைகளோடு சனம் தெருவால் போய் வீட்டு வாசலில் நின்று, தங்க இடம் கேட்டுப் பாடும். உள்ளே இருப்பவர்கள் முதலில் இல்லை என்று பாடுவார்கள். கடைசியில் கதவு திறக்கும், எல்லோரும் உள்ளே போய்ச் சாப்பிடுவார்கள். எங்கள் நாடகம் கதவு சாத்துவதோடு நிற்கிறது. அவர்கள் நாடகத்தில் கதவு திறக்கிறது.

அடுத்த வருடம் எங்கள் பிள்ளைகளும் அப்படி ஒரு காட்சியைச் சேர்த்துப் போடட்டும் என்பது எங்கள் ஆசை. மீசை கீறிய அந்தப் பிள்ளைக்கு இரண்டாவது வசனம் ஒன்று கொடுங்கள். பொறுங்கள், மாட்டை விலக்கிக் கட்டுகிறேன் என்று அவர் சொல்லட்டும்.

பழைய மாணவிகளாகிய எங்களுக்கும் அந்த இரண்டாவது வசனம் பொருந்தும். நாங்கள் எல்லோரும் யாரோ ஒருவருடைய பத்தியிலும் விறாந்தையிலும் வாழ்ந்து எழும்பியவர்கள். இன்று எங்களில் பலரிடம் கதவு இருக்கிறது, திறப்பும் இருக்கிறது. இந்தத் தீவில் எத்தனையோ வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. கூரை இருக்கிறது, வளவில் கிணறு இருக்கிறது, உரித்தாளர் வெளிநாட்டில். அதே ஊரில், கணவனை இழந்த பெண்ணொருவர் இரண்டு பிள்ளைகளோடு தகரக் கொட்டிலில் இருக்கிறார். வீட்டை எழுதிக் கொடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. ஒரு கடிதம் எழுதி, முறையாக ஒப்பந்தம் செய்து, சில வருடங்களுக்கு இருக்க விடுங்கள். வீடும் இடியாமல் நிற்கும், வளவில் பற்றை மண்டாது, மாலையில் ஒரு விளக்கு எரியும். பக்கத்துப் பாடசாலைக்கு இரண்டு பிள்ளைகள் கூடுவார்கள். பிள்ளைகள் குறைந்து போகும் தீவகத்துப் பாடசாலைகளுக்கு அந்த இரண்டு பிள்ளைகளும் பெரிய பெறுமதி.

வீடு இல்லாதவர்கள் வேறு விதத்தில் இடம் கொடுக்கலாம். லண்டனில் புதிதாக வந்து அறையில் தனியே இருக்கும் மாணவியை நத்தார் அன்று சாப்பிடக் கூப்பிடுங்கள். வயோதிபர் இல்லத்தில் இருக்கும் எங்கள் பழைய ரீச்சரிடம் ஒரு மத்தியானம் போய் இருங்கள். ஊரில் இருக்கும் நாங்கள், பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில் இருக்கத் தனியே இருக்கும் அம்மாக்களின் படலையைத் தட்டிப் பார்ப்போம். பாலன் பண்டிகைக்கு வரவேண்டும் என்று சைவ அக்காமாரையும் சொல்லி அழைப்போம். பொங்கலுக்கு அவர்கள் எங்களை அழைப்பார்கள்.

கஷ்ட காலத்தில் நத்தார் எங்களுக்கு என்ன தந்தது என்ற கேள்வியோடு தொடங்கினோம். அது யுத்தத்தை நிறுத்தவில்லை. போனவர்களைக் கொண்டுவந்து தரவில்லை. ஆனால் கடவுளும் ஒரு முறை அடுத்தவர் வளவில் பிறந்தார், அவருக்கும் யாரோ இடம் விட்டார்கள் என்பதை ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் பார்த்தபோது, எங்கள் நிலைமையில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று விளங்கியது. முகாமில் இருப்பதும் கொட்டிலில் பிள்ளை பெறுவதும் எங்களைச் சிறியவர்களாக்கவில்லை என்று விளங்கியது. அந்த விளக்கத்தில்தான் பல பெண்கள் காலையில் எழும்பி அடுப்பு மூட்டினார்கள், பிள்ளையின் தலையை இழுத்துப் பின்னினார்கள், மரத்தின் கீழ் நடந்த பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். நம்பிக்கை என்றால் எங்களுக்கு அதுதான்.

எங்கள் பெயர் தெரியாமலே எங்களுக்கு இடம் தந்த எல்லா வீட்டாருக்கும், எல்லாக் கோயில்களுக்கும், எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் இந்த நூற்றாண்டு வேளையில் சங்கத்தின் நன்றியைச் சொல்கிறோம். திரும்பி வராத பிள்ளைகளுக்காக இன்று குடிலில் ஒரு விளக்குத் தனியாக எரிகிறது. போகும்போது அதன் முன் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள்.

எல்லோருக்கும் எங்கள் நத்தார் வாழ்த்துக்கள்.